பழைய கேமராவை மாற்றலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2008இல் நிகான் டி90 வந்ததிலிருந்து ஒரு பத்து வருடம் நம் ஊரில் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) காலம். டி3200, டி5300, டி7000, கேனான் 700டி, 1200டி என்று அப்போது ஆசை ஆசையாக வாங்கியவர்கள் இப்போது கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கேமரா விற்பது என் தொழில் இல்லை. அதனால் "வேண்டாம்" என்று சொல்வதில் எனக்கு நஷ்டமும் இல்லை.

கேமராவுக்குப் பத்து வயதாகிவிட்டது. மாற்றத்தான் வேண்டுமா?

வயதை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. கெட்டுப்போன படங்களை வைத்துச் சொல்லலாம். கடந்த ஓராண்டில் எடுத்தவற்றைத் திறந்து, "சே, இது நன்றாக வந்திருக்க வேண்டிய படம்" என்று தோன்றுவதை மட்டும் தனி ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். ஐம்பது அறுபது தேறினால் போதும். பிறகு ஒவ்வொன்றையும் முழு அளவுக்குப் பெரிதாக்கி, ஏன் கெட்டது என்று பாருங்கள்.

படம் முழுக்க ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. பின்னால் இருக்கும் சுவர் தெளிவாக இருந்து, ஓடும் பிள்ளை மட்டும் கலங்கியிருந்தால் ஷட்டர் (படமெடுக்கும்போது திறந்து மூடும் திரை) வேகம் போதவில்லை. பிள்ளையின் முகம் மங்கி, அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தாத்தா பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. எல்லாம் கூர்மையாக இருந்தும் நிழல் பகுதிகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது நாய்ஸ். பறவை படச் சட்டத்தின் நடுவில் குட்டியாக நின்றால் லென்ஸ் எட்டவில்லை. குறை என்று எதுவும் சொல்ல முடியவில்லை, ஆனாலும் படம் சப்பென்று இருக்கிறது என்றால் வெளிச்சமோ நீங்கள் நின்ற இடமோ சரியில்லை. அதைச் சரிசெய்கிற கேமராவை இன்னும் யாரும் விற்கவில்லை.

கை ஆடியது, வேகம் போதாதது, எட்டாதது ஆகிய மூன்றுக்கும் முதலில் பார்க்க வேண்டியது லென்ஸை. நாய்ஸுக்கு லென்ஸும் மென்பொருளும். ஃபோகஸ் தவறும் படங்கள் குவிந்திருந்தால்தான் பாடியை, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவை, மாற்றும் பேச்சுக்கே அர்த்தம் வருகிறது. அந்த ஃபோல்டரைப் பார்த்த பிறகு கேமரா வாங்கும் எண்ணத்தையே விட்டவர்கள் எனக்குத் தெரிந்து நிறையப் பேர்.

என்னுடையது வெறும் 12 மெகாபிக்சல். இந்தக் காலத்துக்குப் போதுமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். டி90 தரும் படம் 4288க்கு 2848 புள்ளிகள். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் 14 அங்குல அகலம் வரும். கல்யாண ஆல்பத்தின் 12க்கு 18 அங்குலத் தாளில் அடித்தால் அங்குலத்துக்கு 238 புள்ளி. கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்தில் அது நன்றாகவே இருக்கும். இரண்டு பக்கமும் சேர்ந்து 36 அங்குலத்துக்கு ஒரே படத்தை விரித்தால் 119தான். அங்கே கொஞ்சம் இளகும். 24 மெகாபிக்சலில் அதே விரிப்புக்கு 167 கிடைக்கும்.

திரையில் மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கவலையே வேண்டாம். 4கே டிவியின் மொத்தப் புள்ளிகளே 83 லட்சம்தான், அதாவது 8.3 மெகாபிக்சல். வாட்ஸப்பில் அனுப்பும்போது அது படத்தை இன்னும் சுருக்கிவிடுகிறது.

இன்னொன்றும் பலர் கவனிப்பதில்லை. 12இலிருந்து 24க்குப் போனால் படம் இரு மடங்கு பெரிதாகாது. அகலத்தில் 40 சதவீதம்தான் கூடும். படத்தை வெட்டி நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு, முக்கியமாகப் பறவை எடுப்பவர்களுக்கு, அந்த 40 சதவீதம் பெரிய விஷயம். மற்றவர்களுக்கு இல்லை.

கேனான் 1200டி வைத்திருக்கிறேன். 1500டி வாங்கலாமா?

வேண்டாம். பக்கவாட்டில் நகர்வதற்குப் பணம் கட்டுவது இது. 2014இல் வந்த 1200டியிலும் 2018இல் வந்த 1500டியிலும் ஃபோகஸ் புள்ளிகள் ஒன்பதுதான். வினாடிக்கு மூன்று படம்தான். இரண்டிலும் தொடுதிரை கிடையாது, வெளி மைக் செருக வழியும் கிடையாது. 18 மெகாபிக்சல் 24.1 ஆகியிருக்கிறது, வைஃபை வந்திருக்கிறது. நிகானில் டி3300இலிருந்து டி3500க்குப் போவதும் இதே கதை: இரண்டும் 24.2 மெகாபிக்சல், 11 ஃபோகஸ் புள்ளி, வினாடிக்கு ஐந்து படம். மாடல் எண் கூடியதைப் பார்த்து ஏமாற வேண்டாம். எண்ட்ரி லெவல் கேமராவை இன்னொரு எண்ட்ரி லெவல் டிஎஸ்எல்ஆரால் மாற்றுவதற்கு ஒரு காரணம்தான் உண்டு: பழையது சரிசெய்ய முடியாமல் செத்துப்போயிருக்க வேண்டும்.

அப்படியானால் பணத்தை எதில் போடுவது? லென்ஸிலா?

முதல் செலவு அநேகமாக எல்லோருக்கும் லென்ஸ்தான். ஓர் உதாரணம். பள்ளி ஆண்டு விழா, மேடையில் மகள் ஆடுகிறாள். கேமராவோடு சேர்ந்து வந்த உங்கள் 18-55 கிட் லென்ஸை முழுக்க நீட்டினால் வெளிச்சம் நுழையும் துளையான அபெர்ச்சர் எஃப்5.6க்குச் சுருங்கிவிடும் (எண் கூடினால் துளை சிறியது). கேமராவின் ஒளி உணர்திறன் எண்ணான ஐஎஸ்ஓவை 3200 வைத்தும் ஷட்டர் வேகம் 1/40 வினாடிதான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடும் கை கலங்கத்தான் செய்யும். அதே இடத்தில், அதே ஐஎஸ்ஓவில் 50 எம்எம் எஃப்1.8 லென்ஸைப் போட்டால் ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஷட்டர் 1/400க்குப் போகும். அபிநயம் முத்திரையோடு நிற்கும்.

இதே ஆதாயத்தைப் பாடியில் தேடினால்? கிராப் சென்சாரை (இந்தக் கேமராக்களில் இருக்கும் சிறிய பட உணரி) விட்டுவிட்டு, ஃபிலிம் அளவுக்குப் பெரிய ஃபுல் ஃபிரேமுக்குப் போனால் சென்சாரின் பரப்பு 2.3 மடங்கு ஆகிறது. ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேலே (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). 50 எம்எம் லென்ஸ் தருவது மூன்று ஸ்டாப்புக்கு மேலே, அதுவும் புது பாடி விலையில் சின்னதொரு பங்குக்கு.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். நிகான் டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள்ளும் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி வகை 50 எம்எம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். டி90, டி7000 வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அடுத்தது, கிராப் சென்சாரில் 50 எம்எம் என்பது 75 அல்லது 80 எம்எம் போல நடந்துகொள்ளும். மேடைக்கும் தனி ஆள் படத்துக்கும் சரி. நம் வீட்டு ஹாலில் ஆறு பேரை எடுக்க வேண்டுமென்றால் முதுகு சுவரில் முட்டும். அங்கே நிகானில் 35 எம்எம் எஃப்1.8, கேனானில் 24 எம்எம் எஃப்2.8 உதவும்.

இருட்டில் எடுத்தால் நாய்ஸ் தாங்க முடியவில்லை. லென்ஸும் மாற்றியாயிற்று.

ரா ஃபைலில் (ஜேபெக் ஆக்காமல், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றிலிருந்து எடுங்கள். கடந்த சில ஆண்டுகளில் பழைய கேமராக்களுக்குக் கிடைத்த பெரிய வரம் மென்பொருளில்தான் வந்தது. டிஎக்ஸ்ஓ நிறுவனத்தின் டீப்பிரைம் 2020இலும், அடோபி லைட்ரூமின் டீநாய்ஸ் 2023இலும் வந்தன. இரண்டும் ரா ஃபைலை எடுத்து, புள்ளிகளைக் கழித்து, முடி, துணி போன்ற நுணுக்கங்களைப் பெருமளவு காப்பாற்றித் தருகின்றன. ஐஎஸ்ஓ 3200இல் டி90 எடுத்த படத்தை இதில் ஓட்டிப் பார்த்தால் அந்தக் கேமராவா இது என்று தோன்றும். பத்து வருடத்துக்கு முன் எடுத்து வைத்த ரா ஃபைல்களுக்கும் இது பொருந்தும். இறந்துபோன பாட்டியின் படம் ஏதாவது ஹார்டு டிஸ்க்கில் கிடந்தால் முதலில் அதைத் திறங்கள்.

குறை ஒன்றுண்டு. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் ஒரு படத்துக்கே பல நிமிடம் பிடிக்கும்.

எப்போதுதான் பாடியை மாற்றலாம் என்கிறீர்கள்?

ஃபோகஸுக்காக, வீடியோவுக்காக. இந்த இரண்டிலும் பழைய கேமராவுக்கும் புதியதற்கும் உள்ள தூரம் நிஜமானது. லென்ஸாலோ மென்பொருளாலோ அதைக் கடக்க முடியாது.

டிஎஸ்எல்ஆரில் கண்ணாடிக்குக் கீழே தனியாக ஓர் ஃபோகஸ் சென்சார் இருக்கிறது. டி90இல் 11 புள்ளி, 1200டியில் 9, அவையும் சட்டத்தின் நடுவைச் சுற்றியே. முகம் ஓரத்தில் இருந்தால் நடுவில் ஃபோகஸ் பிடித்துக் கேமராவைத் திருப்ப வேண்டும், எஃப்1.8இல் அந்தத் திருப்பலிலேயே ஃபோகஸ் நழுவும். போதாததற்கு அந்தத் தனி சென்சாரும் லென்ஸும் சில நேரம் ஒத்துப்போகாது. எல்லாப் படத்திலும் ஃபோகஸ் ஒரே மாதிரி பின்னுக்கோ முன்னுக்கோ தள்ளி விழும். டி7000இல் இதைச் சரிசெய்ய மெனுவில் வழி இருக்கிறது. டி90இலும் 1200டியிலும் இல்லை.

அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமரா படம் எடுக்கும் சென்சாரிலேயே ஃபோகஸையும் அளக்கிறது. அதனால் தள்ளி விழும் பேச்சே இல்லை. முகத்தைத் தேடி, முகத்தில் கண்ணைத் தேடி, ஆள் நகர்ந்தாலும் விடாமல் பின்தொடர்கிறது. வீட்டுக்குள் ஓடித் திரியும் இரண்டு வயதுப் பிள்ளையை எஃப்1.8இல் எடுத்துப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வீடியோவில் வித்தியாசம் இன்னும் அதிகம். வீடியோ எடுக்கும் முதல் டிஎஸ்எல்ஆர் என்று பெயர் வாங்கிய டி90 எடுத்தது 720பி, ஒற்றை மைக்கில் ஒலி, வெளி மைக் செருக இடமில்லை. யூடியூப் சேனல் நடத்துபவர் அதோடு மல்லுக்கட்டுவது வீண். புது மிரர்லெஸ் வாங்க வசதி இல்லையென்றால், செகண்ட் ஹேண்டில் கேனான் 200டி தேடுங்கள். 2013இல் 70டியில் அறிமுகமான, சென்சாரிலேயே ஃபோகஸை அளக்கும் டூயல் பிக்சல் ஃபோகஸ், திரும்பும் திரை, மைக் துளை மூன்றும் அதில் உண்டு.

மிரர்லெஸ் போனால் என் லென்ஸ்கள் என்னாகும்?

கேனான்காரர்களுக்குக் கவலை குறைவு. இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்கள் கேனானின் அடாப்டர் வழியாக ஆர் வரிசை மிரர்லெஸ் பாடிகளில் ஃபோகஸோடு வேலை செய்யும். லென்ஸுக்குள்ளேயே மோட்டாரை வைப்பது 1987இல் இஎஃப் தொடங்கியபோதே கேனான் எடுத்த முடிவு. அதன் பலன் இப்போது கிடைக்கிறது.

நிகான் 1959ஆம் ஆண்டின் எஃப் மவுன்ட் என்ற லென்ஸ் மாட்டும் அமைப்பைக் கைவிடாமல் கொண்டுவந்தது பெருமைதான். ஆனால் அதன் எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் இல்லை. ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸ்கள் ஓடும். ஏஎஃப்-டி லென்ஸ்கள் கையால் திருப்பும் லென்ஸ்களாகிவிடும். டி90 காலத்தில் ஏஎஃப்-டி லென்ஸாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவர், மாறும் செலவில் லென்ஸ்களின் விலையையும் சேர்த்துக் கூட்ட வேண்டும்.

பேட்டரியையும் மறக்க வேண்டாம். டி7200க்கு ஒரு சார்ஜில் 1110 படம் என்று சொல்லப்படுகிறது, மிரர்லெஸான இசட்6க்கு 310. நடைமுறையில் இரண்டுமே அதற்கு மேல் தாங்கும், ஆனால் வித்தியாசம் தெரியும். கூடுதல் பேட்டரி ஒன்றை விலையோடு சேர்த்தே யோசியுங்கள்.

ஃபுல் ஃபிரேம் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

வேடந்தாங்கலுக்கு லென்ஸைத் தூக்கிக்கொண்டு போகிறவரா நீங்கள்? அப்படியானால் ஃபுல் ஃபிரேம் உங்களுக்கு இறக்கமாகவும் முடியலாம். டி7200இன் 24 மெகாபிக்சலும் கிராப் சென்சாருக்குள் நெருக்கமாக இருக்கின்றன. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமான இசட்6இல் அதே 300 எம்எம் லென்ஸைப் போட்டு அதே அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது 10 மெகாபிக்சல். கூழைக்கடாவின் இறகுக் கோடுகள் முன்பைவிடக் குறைவாகத்தான் தெரியும்.

கிராப் லென்ஸ்களும் அங்கே முழுதாகப் பயன்படாது. கேனான் இஎஃப்-எஸ் லென்ஸ் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டவே மாட்டாது. கல்யாண மண்டபத்தின் மங்கலான ஓரங்களில் நாள் முழுக்க எடுப்பவருக்கு ஃபுல் ஃபிரேம் நியாயம். வீட்டு விசேஷத்துக்கு எடுப்பவருக்கு அந்தப் பணத்தில் இரண்டு நல்ல லென்ஸும் ஒரு ஃபிளாஷும் வந்துவிடும்.

ஷட்டர் கவுன்ட் (இதுவரை ஷட்டர் இயங்கிய எண்ணிக்கை) ஒரு லட்சம் தாண்டிவிட்டது. அவ்வளவுதானா?

இல்லை. டி90க்கு ஒரு லட்சம், டி7000க்கும் கேனான் 5டி மார்க் 2வுக்கும் ஒன்றரை லட்சம் என்பது நிறுவனங்கள் சோதித்துச் சொன்ன எண், காலாவதித் தேதி ஆகாது. சில அதற்கு முன்பே போகும், சில இரண்டு மடங்கு ஓடும். நிகானில் படத்தோடு பதிவாகும் எக்ஸிஃப் தகவலிலேயே எண்ணிக்கை இருக்கும். கேனானில் பொதுவாக இருக்காது, கேமராவைக் கணினியில் இணைத்து மென்பொருள் வழியாகப் பார்க்க வேண்டியிருக்கும். ஷட்டர் போய்விட்டால், மாற்றும் கூலியையும் அதே மாடல் செகண்ட் ஹேண்டில் என்ன விலை என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய எண்ட்ரி லெவல் பாடி என்றால் பெரும்பாலும் சர்வீஸுக்குக் கொடுப்பது நஷ்டம்.

புது மெமரி கார்டை கேமரா ஏற்கவில்லை. பழுதா?

அநேகமாக இல்லை. 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் 2009இல்தான் அறிவிக்கப்பட்டன. அதற்கு முந்தைய கேமராக்கள் 32 ஜிபி வரைதான் படிக்கும். 64 ஜிபிக்குப் பதில் 32 ஜிபி எஸ்டிஎச்சி கார்டு வாங்குங்கள், தீர்ந்தது.

பிடி ரப்பர் உப்பிப் பிசுபிசுக்கிறது, தேதி ஒவ்வொரு முறையும் அழிந்துபோகிறது.

இரண்டுக்கும் கேமராவை மாற்ற வேண்டியதில்லை. அந்தக் கால நிகான்களில் ரப்பர் உப்புவது தெரிந்த சங்கதி. புது ரப்பர் கிடைக்கிறது, ஒட்டிக்கொள்ளலாம். தேதி அழிவது உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியால். சில பழைய கேனான்களில் அது நாமே மாற்றக்கூடிய நாணய வடிவ பேட்டரி.

லென்ஸில் ஃபங்கஸ் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா?

சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் தோல் பைக்குள் வைத்து பீரோவில் பூட்டினால் ஃபங்கஸ் வருவது ஆச்சரியமில்லை. ஓரத்தில் மெல்லிய நூல்போல இருந்தால் படத்தில் தெரியாது. நடுவில் படர்ந்திருந்தால் வெளிச்சத்தை நோக்கி எடுக்கும்போது படம் வெளுக்கும். விலை உயர்ந்த லென்ஸ் என்றால் சுத்தம் செய்யக் கொடுக்கலாம். கிட் லென்ஸ் என்றால் செகண்ட் ஹேண்டில் இன்னொன்று வாங்குவதே லாபம். புது கேமரா வாங்கினாலும் அதே பீரோவில் வைத்தால் அதே ஃபங்கஸ்தான். ஈரத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரை கேபினெட் வாங்க முடியாவிட்டால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

சட்டைப்பையில் போடும் பழைய டிஜிட்டல் கேமராதான் இருக்கிறது. அதை மாற்றலாமா?

அதன் சென்சார் பெரும்பாலும் 6 மில்லிமீட்டருக்குச் சற்று கூடுதல் அகலம்தான். இன்றைய நல்ல போன்களின் முதன்மை சென்சார் அதைவிடப் பெரியது, தவிர பல படங்களை ஒன்றாக அடுக்கி நாய்ஸைக் கழிக்கிறது. ஆக, தினசரிப் படத்துக்குப் போனே போதும். நீண்ட ஜூம் இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கல்லூரிக்குப் போகும் அண்ணன் மகளிடம் கொடுங்கள். அந்தக் காலத்து ஃபிளாஷ் படம்தான் இப்போது அவர்கள் வட்டத்தில் ஸ்டைலாம்.

நான் கல்யாண ஆர்டர் எடுக்கிறேன். எனக்கும் இதே அளவுகோலா?

இல்லை. காசு வாங்கிக்கொண்டு எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு கார்டு போடும் வசதியை. தாலி கட்டும் நேரம் திரும்ப வராது. டி7000, டி7200, டி750 மூன்றிலும் இரண்டு எஸ்டி கார்டு போடலாம். புதுசு என்று ஆசைப்பட்டு முதல் இசட்6 வாங்கினால் அதில் ஒற்றை கார்டுதான். இசட்6 மார்க் 2வில்தான் இரண்டாவது வந்தது. நல்ல நிலையில் இருக்கும் டி750 ஒன்றை இரண்டாவது பாடியாக வைத்துக்கொள்வதை நான் குறை சொல்லமாட்டேன்.

வாங்குவது என்று முடிவானால், ஒரு முகூர்த்தத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் அடையாள அட்டையும் முன்பணமும் கொடுத்தால் கிடைக்கும். ஒரு நாள் கையில் வைத்திருந்தால் பட்டன்கள் உங்கள் விரலுக்கு வருகின்றனவா என்பது தெரிந்துவிடும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

லென்ஸின் ஒரு முனையில் டார்ச் அடித்து மறு முனையில் பாருங்கள். பாடியில் எஃப்16 வைத்து வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுங்கள். கறுப்புப் பொட்டுகள் தூசி, அது சுத்தமாகும். மூடியைப் போட்டு ஒரு படம் எடுத்தால் எப்போதும் ஒளிரும் பழுதான புள்ளிகள் தெரியும். பில்லில் உள்ள வரிசை எண் பாடியின் அடியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். பில்லே இல்லை என்றால் எவ்வளவு மலிவானாலும் கிளம்பிவிடுங்கள். கேனான் இஎஃப்-எம், நிகான் 1, சாம்சங் என்எக்ஸ் மவுன்ட்களை விலை குறைவென்று தொடாதீர்கள். மூன்றையும் நிறுவனங்களே கைவிட்டுவிட்டன, புது லென்ஸ் வராது.

புதியது வாங்கியாயிற்று. பழையதை விற்பதா, வைத்துக்கொள்வதா?

விற்பதானால் உடனே விற்றுவிடுங்கள். கேனானும் நிகானும் 2020க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை. பழையவற்றின் விலை ஏற வழியில்லை. பில், பெட்டி, ஒரிஜினல் சார்ஜர் மூன்றும் இருந்தால் நல்ல விலை கேட்கலாம். ஏஎஃப்-டி லென்ஸ்களை மோட்டார் உள்ள பாடியோடு சேர்த்து விற்பது நல்லது, தனியாகப் போனால் அடிமாட்டு விலைதான். விலை மிகக் குறைவாகச் சொல்கிறார்கள் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். மழையிலும் தூசியிலும் புதியதை எடுக்க மனசு வராத நாட்களுக்கு ஆகும். பேட்டரியைப் பாதி சார்ஜில் கழற்றி வையுங்கள், பாடி கேப் போட்டு டப்பாவுக்குள் வையுங்கள், அவ்வப்போது எடுத்து நாலு படம் எடுங்கள்.